விம்கோ நகர் கிளை

வடசென்னையில் பலகை இல்லாத எதற்கும் உயிர் கிடையாது. நாலு ஆட்டோ சேர்ந்து நின்றால் ஒரு பலகை. கேரம் ஆட ஒரு கொட்டாய் போட்டால் ஒரு பலகை. தொழிற்சாலை வாசலைக் கேட்கவே வேண்டாம், நிர்வாகத்தின் பலகை ஒன்று என்றால் யூனியன் பலகைகள் ஐந்தாறு இருக்கும். பலகை வைத்து, கொடி ஏற்றி, வட்டத்துப் பெரிய மனுஷர் ஒருவருக்குச் சால்வை போட்டுத் திறந்தால்தான், இப்படி ஒன்று இருக்கிறது என்று ஊர் ஒப்புக்கொள்ளும். ஜெயவேல் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன். அதனால் தன் வீட்டுக்கும் ஒரு பலகை வைத்தான். அதில்தான் கெட்டான்.

அவனுக்கு வீடு என்று ஒன்று வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் அவன் பிட்டராக இருந்தான். யூனியனில் இணைச் செயலாளர். வாய் கொஞ்சம் நீளம், கேட் மீட்டிங்கில் அவன் பேச எழுந்தால் டீக்கடைக்குப் போன ஆள்கூடத் திரும்பி வருவான். தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் கிரேன் சங்கிலி அறுந்து வார்ப்புக் கட்டி ஒன்று அவன் முதுகில் இறங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று ஆகிவிட்டது. நிச்சயம் செய்திருந்த பெண்ணின் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு வந்து சாத்துக்குடி கொடுத்து அழுதுவிட்டுப் போனார்கள். அப்புறம் வரவில்லை. அதைப் பற்றி ஜெயவேல் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை, நாமும் பேச வேண்டாம்.

அண்ணன் எத்திராஜின் வீடு புளியந்தோப்பில், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தது. அண்ணன் கெட்டவன் இல்லை, அண்ணியும் சோற்றில் குறை வைத்தவள் இல்லை. ஆனால் கீழே இறங்க இரண்டு ஆள் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு இறக்குவார்கள், பொங்கலுக்கு இறக்குவார்கள், ஓட்டுப் போட கட்சிக்காரர்கள் வந்து இறக்குவார்கள். மற்றபடி ஜன்னல்தான். வருகிறவர்கள் அவன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "தம்பி சாப்ட்டானா?" என்று அண்ணனைக் கேட்பார்கள். ஆயிரம் பேரைக் கைதட்ட வைத்தவன் சாப்பிட்டானா என்பதை அவனிடமே கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐந்து வருஷம் அப்படிப் போயிற்று. அவன் ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றுதான்: நினைத்த நேரத்தில் வெளியே போக வேண்டும், நினைத்த நேரத்தில் திரும்பி வர வேண்டும், எங்கே போனாய் என்று கேட்க ஒருவன் இருக்கக் கூடாது.

தொண்ணூற்றெட்டில் ஊனமுற்றோருக்கு அடையாள அட்டை கொடுக்கும் முகாம் ஒன்றுக்கு அண்ணன் அவனைத் தூக்கிக்கொண்டு போனான். டாக்டர் வருவார் வருவார் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மரத்தடியில் காத்திருந்தார்கள். வராத டாக்டருக்கு ஜெயவேல் கடைசிவரை நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மரத்தடியில்தான் அவனுக்கு பிலாலும் அப்பாவும் கிடைத்தார்கள். இந்த அப்பாவு யாருக்கும் அப்பா இல்லை, பெயரே அப்பாவு. எண்ணூர்க்காரன். போலியோவில் இரண்டு காலும் சூம்பிப்போய், உள்ளங்கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தரையில் தவழ்ந்து போவான். மண்ணெண்ணெய் ஸ்டவ் ரிப்பேர் செய்வதில் கெட்டிக்காரன். பிலால் தண்டையார்பேட்டைக்காரன். சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போயிற்று. கும்மிடிப்பூண்டி ரயிலில் சீப்பு, ஊக்கு, ரேஷன் கார்டு உறை விற்பான். ஆள் எருமைக்கடா மாதிரி இருப்பான். அப்பாவுவை அக்கா வீட்டில் விரட்டிக்கொண்டிருந்தார்கள், பிலால் ராயபுரம் ஸ்டேஷனில் படுத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேருக்கு கால் இல்ல, ஒர்த்தனுக்கு கண்ணு இல்ல. மூணு பேரையும் சேத்தா முழுசா ஒரு ஆளு தேறுவான் போல கீதே" என்று அப்பாவு சிரித்தான்.

"ஒரு ஆளு தேறுனா போதும் நைனா, ஒரு வூடு எடுக்கலாம்" என்றான் ஜெயவேல்.

சிரிப்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்த மாதமே பழைய யூனியன் தோழர் ஒருவர் விம்கோ நகரில் தன் லைன் வீடுகளில் ஒன்றை அவர்களுக்கு வாடகைக்கு விட்டார். தரைத்தளம். வாசல் படியை இடித்துச் சரிவாகச் சிமெண்ட் பூசிக் கொடுத்தது அவர் செய்த புண்ணியம். எத்திராஜ் அழுதான். "ஊர் என்னைத்தான்டா காறித் துப்பும்" என்றான். ஊர் துப்புவதற்கு எத்தனையோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜெயவேல் கிளம்பிவிட்டான்.

அந்த வீடு நடந்த விதத்தை அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்ப்பார்கள். அப்பாவு தரையில் உட்கார்ந்து சமைப்பான். உப்பு போதுமா என்று பிலால்தான் சொல்ல வேண்டும், அவன் நாக்கு அப்படி. ஜெயவேலைக் கட்டிலிலிருந்து தூக்கி மூன்று சக்கர வண்டியில் வைப்பதும் குளிக்க வைப்பதும் பிலால். எங்கே கால் வைக்க வேண்டும் என்று வழி சொல்வது ஜெயவேல். "லெஃப்ட்ல வாளி, பாத்து" என்று அவன் சொல்ல, "பாத்துட்டேன் மாமு" என்பான் பிலால். லாரித் தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, வீடு கூட்டுவது இதற்கெல்லாம் சிலுவையம்மாளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். திருவொற்றியூர் குப்பத்துக்காரி, புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், காலையில் மீன் விற்றுவிட்டு வருவாள். ஜெயவேல் யூனியன்காரன் அல்லவா, அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை, கிறிஸ்துமஸுக்குப் போனஸ் என்று முதல் நாளே அறிவித்துவிட்டான்.

"வூட்டு வேலக்கி போனசா? இன்னா தம்பி, மப்புல பேசறியா?" என்றாள் அவள்.

"வாங்கிக்க அக்கா. கேக்காம கெடைக்கறப்போ கேள்வி கேக்காத."

ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் ஜெயவேலுக்கு ஸ்டேஷன் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. அந்தத் தொழிலின் சூட்சுமம் ராத்திரியில் இருக்கிறது. பொழுது ஏற ஏற வெளியூர்க் கட்டணம் குறையும், அதற்காகவே ஜனம் காத்திருந்து வரும். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றி வந்து நாள்கணக்கில் வரிசையில் நிற்கும் லாரி டிரைவர்கள், வடக்கத்திக் கூலிகள், துபாயிலிருக்கும் புருஷனுக்காகக் காத்திருக்கும் பெண்கள் எல்லாருமே இருட்டிய பிறகுதான் வருவார்கள். பகலெல்லாம் ஈ ஓட்டுவது, ராத்திரியில் சம்பாதிப்பது. பூத்தைப் பூட்டியதும் பிலால் வந்து வண்டியைத் தள்ளுவான். வழியில் தள்ளுவண்டிக் கடையில் பரோட்டா. திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது யாரும் எங்கே போனாய் என்று கேட்கமாட்டார்கள். அந்த இரண்டு மூன்று வருஷம் ஜெயவேல் ராஜாவாக இருந்தான். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை, அவனே அப்படித்தான் சொல்வான்.

அப்போதுதான் சட்டம் வந்து சேர்ந்தது. தில்லியில் தொண்ணூற்றைந்திலேயே ஊனமுற்றோருக்காகப் போட்ட சட்டம்தான், ஆனால் தில்லியிலிருந்து விம்கோ நகருக்கு வண்டி மெதுவாகத்தான் வரும். அதற்கு மாநிலத்தில் விதிகள் எழுத வேண்டும், ஊனமுற்றோரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று இரண்டாயிரத்தில் நகரத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். கூட்டம் மாடியில், லிஃப்ட் பழுது. பிலால் ஜெயவேலை முதுகில் சுமந்துகொண்டு ஏறினான், இன்னொரு ஆள் பிலாலுக்கு வழி காட்டினான். மேடையில் ஒரு படித்த அம்மாள் பேசினாள். வெளிநாடுகளில் ஊனமுற்றவர்கள் விடுதிகளை விட்டு வெளியே வந்து, தங்கள் வீட்டில் தாங்களே, தங்களுக்கு வேண்டிய உதவியாளரைத் தாங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள், அதற்குத் தற்சார்பு வாழ்வு என்று பெயர், நம் நாட்டிலும் சட்டம் அதை நோக்கித்தான் போக வேண்டும் என்றாள்.

ஜெயவேலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாம் மூன்று பேரும் சோற்றுக்கும் கூரைக்கும் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு இவ்வளவு பெரிய பெயர் இருக்கிறதா? திரும்பும்போது ரயிலில் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். "சட்டத்துல வரப்போற விசயத்த நம்ம மொதல்லயே செஞ்சிட்டோம்டா. பலகை வச்சாத்தான் மத்தவனுக்கும் தெரியும். நாள பின்ன நம்மள மாதிரி நாலு பேர் வூடு எடுப்பான்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. 'ஊனமுற்றோர் தற்சார்பு வாழ்வு இல்லம், விம்கோ நகர் கிளை.' தலைமையகம் எங்கே என்று கேட்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை. பலகை எழுதினால் கீழே கிளை என்று போட வேண்டும், அது கை பழகிய பழக்கம். தலைவர் ஜெயவேல், செயலாளர் பிலால், பொருளாளர் அப்பாவு. உறுப்பினர் என்று ஒருவருமில்லை. கவுன்சிலர் வந்து திரையை இழுத்தார். சரவெடி வெடித்தது. சிலுவையம்மாள் கேசரி கிண்டி லைன் வீடு மொத்தத்துக்கும் கொடுத்தாள். அந்தச் சாயங்காலம் பலகைக்குக் கீழே வண்டியில் உட்கார்ந்து ஜெயவேல் பேசிய பேச்சு, வேலை போன பிறகு அவன் பேசிய முதல் கேட் மீட்டிங்.

மறு வருஷம் ஆகஸ்டில் தெற்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். நாடே பதறியது. பதற வேண்டிய விஷயம்தான், நாய்க்குக்கூட அப்படிச் சாவு வரக் கூடாது. அரசாங்கம் விழித்துக்கொண்டது. பதிவு இல்லாத இல்லம் எங்கெங்கே இருக்கிறது, தேடு என்றார்கள். ஒளித்து நடத்துகிறவர்கள் பலகையா வைத்திருப்பார்கள்? தேடப் போனவர்களின் கண்ணுக்கு மஞ்சளும் சிவப்புமாக விம்கோ நகர்தான் பட்டது.

முதலில் வந்தவர் ஒரு நடுவயது அலுவலர், நல்ல மனுஷர். கையில் பை, நெற்றியில் வேர்வை. வாசலிலிருந்தே கேட்டார்.

"இந்த இல்லத்த யார் நடத்தறாங்க?"

"நாங்கதான் சார்" என்றான் ஜெயவேல்.

"உள்ள எத்தன பேர் தங்கியிருக்காங்க?"

"மூணு பேரு சார்."

"அவங்களக் கூப்பிடுங்க, பாக்கணும்."

"அதான் சார், நாங்கதான்."

அலுவலர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நடத்தறவங்க வேற, தங்கறவங்க வேற இல்லியா? காப்பாளர் யாரு?"

"யாரும் இல்ல சார். இது எங்க வூடு. வாடக நாங்க குடுக்கறோம், சோறு நாங்க ஆக்கறோம். எங்கள இன்னாத்துக்கு ஒர்த்தர் காக்கணும்?"

அந்த நேரம் பார்த்து சிலுவையம்மாள் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். அலுவலரின் முகம் தெளிந்தது. "இவங்கதான் இன்சார்ஜா?"

"ஐயே, நான் வேலக்காரி சார். தம்பிங்கதான் எனக்கு மொதலாளி" என்று அவள் சிரித்தாள். அலுவலர் சிரிக்கவில்லை.

பையை மூடிவிட்டு ஜெயவேலின் பக்கத்தில் குனிந்து மெதுவாகப் பேசினார். "தம்பி, சட்டப்படி ஊனமுற்றோர் இல்லம்னா பதிவு வேணும். பதிவுக்குக் காப்பாளர் வேணும், ஒரு டிரஸ்ட் வேணும், இன்னும் எத்தனையோ இருக்கு. ஆனா வெறும் வீட்ட நான் என்ன கேக்க முடியும்? அந்தப் பலகைய இறக்கி உள்ள போட்டுடுங்க. நான் வந்தேன், அப்படி ஒரு இல்லம் இங்க இல்லன்னு எழுதிட்டுப் போயிடறேன்."

கடவுள் மனுஷ ரூபத்தில் வருவார் என்பார்களே, அன்றைக்குப் பையும் வேர்வையுமாக வந்தார். ஜெயவேல் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று, பலகையை இறக்கு. தொழிற்சாலை வாசலில் போலீஸ் வந்து சொன்ன சொல், நிர்வாகம் சொன்ன சொல். கதவடைப்பு செய்து மூன்று மாதம் பட்டினி போட்டபோதும் இறக்காத பலகை. இறக்கினவனை அந்த வட்டாரத்தில் ஒரு மனுஷனும் மதிக்கமாட்டான்.

"ஏத்துன பலகைய எறக்குற பழக்கம் நமக்கு இல்ல சார். சட்டம் எங்களுக்காகப் போட்டதுதான? நாங்க இன்னா தப்பு பண்ணோம், ஒளிஞ்சிக்க?" என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. நியாயமான கேள்விதான். நியாயமான கேள்வி கேட்டவன் உருப்பட்ட கதை நமக்கெல்லாம் தெரியும். அன்று ராத்திரி பரோட்டாக் கடையில் பிலால், "எறக்கிடலாம் மாமு. எனக்கு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாங்காட்டியும் ஒண்ணுதான், கண்ணுக்கா தெரியப்போவுது" என்றான். ஜெயவேல் கேட்கவில்லை.

அடுத்த முறை நல்ல மனுஷர் வரவில்லை. ஜீப்பில் மேலதிகாரியும் இன்னும் இருவரும் வந்தார்கள். மேலதிகாரி ஸ்டவ்களைப் பார்த்தார், மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்தார், மூன்று பேரையும் பார்த்தார். அவர் கண்ணில் அந்தத் தீ தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன், அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. "நாளைக்கு இங்க தீப்பிடிச்சா யார் ஓடுவா? கண்ணு தெரியாதவரா, கால் இல்லாதவங்களா? பத்திரிகைக்காரன் என்னத்தான் கேப்பான்" என்றார்.

இப்போது ஜெயவேல் வண்டியை அவர் பக்கம் உருட்டினான். "பலகைய எறக்கிடறோம் சார்" என்றான். வாழ்நாளில் முதல் முறை.

"அதெல்லாம் இப்ப ஆகாது. ரிப்போர்ட் மேல போயாச்சு. மூணு வழிதான் இருக்கு. சொந்தக்காரங்க வந்து கையெழுத்துப் போட்டு அவங்கவங்க ஆளக் கூட்டிட்டுப் போகட்டும். இல்லன்னா அரசு இல்லத்துல சேத்துவிடறோம். அதுவும் இல்லன்னா, முறையா ஒரு டிரஸ்ட் எடுத்து நடத்தட்டும், கை கால் நல்லா இருக்கற ஒருத்தர் காப்பாளரா இருக்கட்டும்."

சொந்தக்காரர் என்றால் ஜெயவேலுக்கு மூன்றாவது மாடி. அப்பாவுவுக்கு அக்கா வீட்டு வசவு. பிலாலுக்கு ஸ்டேஷன். அரசு இல்லத்தில் மூவரையும் மூன்று இடத்தில் போடுவார்கள். ஆகவே மூன்றாவது வழி. ஓர் எண்ணெய் வியாபாரி தன் தாயார் பெயரில் வைத்திருந்த டிரஸ்ட் முன்வந்தது. காப்பாளர் யார் என்றதும் ஜெயவேல் சிலுவையம்மாளைச் சொன்னான். பேருக்குத்தானே, நம்ம அக்காதானே, காகிதத்தில் அவள் காப்பாளர், வீட்டில் எப்போதும்போல நாம் நாமாக இருப்போம் என்று கணக்குப் போட்டான். சிலுவையம்மாள் முதலில் மாட்டேன் என்றாள். "மீன் வெட்டத்தான் தெரியும் தம்பி, மன்ஷாள மேய்க்கத் தெரியாது" என்றாள். அப்புறம் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அவளைப் பயிற்சிக்கு என்று ஒரு பெரிய இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பது அவள் திரும்பி வந்த அன்றே தெரிந்தது. உள்ளே வந்தவள் வழக்கம்போல விளக்குமாற்றை எடுக்காமல், மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"இன்னாக்கா இது? என் தொழிலு" என்றான் அப்பாவு.

"எரியற சாமான் எதுவும் ஒங்க கைல இருக்கக் கூடாதாம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா என்னத்தான் ஜெயிலுக்கு இட்டுகினு போவாங்களாம். எய்திக் காட்டுனாங்கபா." சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சமையலை டிரஸ்டின் ஆள் கொண்டுவந்து வைத்தான். காலையில் எழும் நேரம், சாப்பிடும் நேரம், விளக்கணைக்கும் நேரம் எல்லாம் சுவரில் ஏறியது. மாலை ஆறு மணிக்கு மேல் இல்லவாசிகள் வெளியே இருக்கக் கூடாது. இல்லவாசிகள், அதுதான் இப்போது அவர்களுக்குப் பெயர். பூத்துக்கு ஆள் வரும் நேரத்தில் பூத்துக்காரன் உள்ளே இருந்தால் யார் போன் பேசுவார்கள்? சில மாதம் பகலில் திறந்து பார்த்தான். அப்புறம் பூத் வேறு ஒருவருக்குப் போயிற்று. ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதால் பிலாலுக்கு ஆபீஸ் விட்டு வரும் கூட்ட ரயில் போயிற்று, அதுதான் அவன் விற்கும் ரயில். அப்பாவு ஸ்டவ் இல்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஜெயவேல் சும்மா விடவில்லை. ஒருநாள் சாயங்காலம் வண்டியை வாசலுக்கு உருட்டினான். சிலுவையம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"வழி வுடு அக்கா. ஒனக்கு சம்பளம் குடுத்தவன் நானு."

"அது அப்போ தம்பி. இப்போ டிரஸ்ட்ல குடுக்கறாங்க." சொல்லிவிட்டு அவளே அழுதாள். "எனக்கு மட்டும் ஆசையா? நீ போய் லாரில அடிபட்டா எம் புள்ளைங்களுக்கு யாரு கீறாங்க? நீ சொல்லித்தான நான் கையெய்த்துப் போட்டேன். ஒன்ன யாரு எம் பேர சொல்லச் சொன்னா?"

நிர்வாகத்தோடு சண்டை போடத் தெரிந்தவனுக்கு இவளோடு எப்படிச் சண்டை போடுவது என்று தெரியவில்லை. எதிரில் நிற்பது நிர்வாகம் இல்லை, கிறிஸ்துமஸ் போனஸ் வாங்கிய அக்கா. வண்டியைத் திருப்பினான்.

மஞ்சள் பலகை போய் டிரஸ்டின் நீலப் பலகை வந்தது. அதன் கீழே ஒரு கரும்பலகை, 'இன்றைய மதிய உணவு உபயம்' என்று. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பா திதி என்று கார்களில் வருவார்கள். வடை பாயசத்தோடு சாப்பாடு. சாப்பிடுவதற்கு முன் மூவரும் கண்ணை மூடி, உபயதாரர் குடும்பம் நீடூழி வாழப் பிரார்த்தனை செய்ய வேண்டும். எப்போதும் மூடிய கண்ணோடு இருப்பவனும் மூட வேண்டும். அப்புறம் போட்டோ. ஒரு வீட்டு அம்மாள் ஜெயவேலின் தலையைத் தடவி, "சாப்பாடு பிடிச்சுதா கண்ணா?" என்றாள். அவனுக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓசி டீ குடிக்காதவன் என்று தொழிற்சாலையில் பெயர் எடுத்தவன். அன்று குடித்த பாயசத்தை அவன் வாந்தி எடுத்தான்.

இரண்டாயிரத்து நாலில் பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. இல்லவாசிகளையும் விசாரிப்பார்களாம், குறை இருந்தால் சொல்லலாமாம். ஜெயவேல் மறுபடி பழைய ஆளாகிவிட்டான். என்ன பேச வேண்டும் என்று ராப்பகலாக யோசித்தான். அப்பாவுவை எதிரில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தான். எங்களைக் காக்க வேண்டாம், வழியை விட்டால் போதும். இது விடுதி இல்லை, நாங்கள் எடுத்த வீடு. ஆறு மணிக்குப் பூட்டுவதற்கு நாங்கள் கோழிகள் இல்லை. அப்பாவு கேட்டுவிட்டு, "கை தட்டலாம்போல கீது நைனா" என்றான். வெகுநாள் கழித்து மூவரும் சிரித்தார்கள்.

வந்தவர் முன்பு ஜீப்பில் வந்த அதே மேலதிகாரி. அறைகளைப் பார்த்தார், பூட்டிய அலமாரியைப் பார்த்துத் தலையாட்டினார். ஜெயவேலின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க, ஏதாவது குறை இருக்கா? பயப்படாம சொல்லலாம். பக்கத்து ஏரியாவுல ஒரு இல்லத்துல இப்படித்தான் புகார் சொன்னாங்க. உடனே நடவடிக்கை எடுத்து இழுத்து மூடிட்டோம். காப்பாளர் மேல கேஸ். அங்க இருந்தவங்கள எல்லாம் வேற வேற இல்லத்துக்கு அனுப்பிட்டோம்."

அவர் அதை நல்லதாகத்தான் சொன்னார். நாங்கள் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்று காட்டச் சொன்னார். வாசலில் நின்ற சிலுவையம்மாளின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்பாவு தரையைப் பார்த்தான். பிலால் மட்டும் ஜெயவேலின் குரல் வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக் காத்திருந்தான்.

யோசித்து வைத்திருந்த பேச்சு தொண்டை வரை வந்தது. ஜெயவேல் அதை விழுங்கினான்.

"நல்லா பாத்துக்கறாங்க சார்."

"வேற ஏதாவது?"

"ஒன்னியும் இல்ல சார். எல்லாம் நல்லா கீது."

மேலதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே போகும்போது சிலுவையம்மாளிடம், "முன்னாடி இவர் ரொம்ப வாதம் பண்ணுவார் இல்லியா? இப்ப நல்லா அடங்கிட்டார்மா. நல்லாப் பண்றீங்க" என்று பாராட்டினார். அவள் கும்பிட்டாள். ஜீப் கிளம்பும்வரை கும்பிட்ட கையை இறக்கவில்லை.

ஜீப் போன பிறகு ஜெயவேல் வாசல் சரிவில் வண்டியை நிறுத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு போட்ட கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டத் தொடங்கியிருந்தன. சிலுவையம்மாள் அவனைக் கூப்பிட இரண்டு முறை வாசல்வரை வந்தாள், கூப்பிட வாய் வராமல் திரும்பிப் போனாள். மூன்றாவது முறையும் அவளை அலையவிட அவனுக்கு மனசு வரவில்லை. ஆறு மணி ஆகும் முன்பே தானாக வண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போய், அவள் பூட்டுவதற்கு வசதியாக ஓரமாக ஒதுங்கிக்கொண்டான்.